நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை: ஆஞ்சைனா வலிக்கு நைட்ரேட்டைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி

மருந்துச் சீட்டில் மற்ற மாத்திரைகளுக்கெல்லாம் 1-0-1, 0-0-1 என்று கணக்கு இருக்கும். ஒன்றுக்கு மட்டும் ‘நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில்’ என்றோ, வெறுமனே எஸ்.ஓ.எஸ். (தேவைப்படும்போது மட்டும்) என்றோ எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அது ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி. மாத்திரை, சார்பிட்ரேட், ஐசார்டில் என்ற பெயர்களில் கடையில் கிடைக்கும். இலங்கையில் இருப்பவர்கள் ஜிடிஎன் என்று சொல்வது கிளிசரில் டிரைநைட்ரேட்டை, அதாவது நைட்ரோகிளிசரினை. அது கண்ணாடிக் குப்பியில் மாத்திரையாகவோ, வாயில் அடிக்கிற ஸ்பிரேயாகவோ வரும். இரண்டும் நைட்ரேட் வகை மருந்துகள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

ஆஞ்சைனாவை, அதாவது இதயத்துக்குப் போதுமான ரத்தம் கிடைக்காதபோது வரும் நெஞ்சு வலியை, சில நிமிடத்தில் இறக்கிவிடும் மருந்து இது. அதே வேகத்தில் பிரஷரையும் இறக்கும். எப்படி வைப்பது, எத்தனை வைப்பது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் வலி இல்லாத நாளிலேயே தெரிந்துகொண்டு, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும். வலி வந்த பிறகு அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

உடம்புக்குள் நடப்பது

நைட்ரேட் உடம்புக்குள் போனதும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி, ரத்தக் குழாய்களின் சுவரில் உள்ள தசையைத் தளர்த்துகிறது. தமனிகளைவிடச் சிரைகள்தான் முதலில், அதிகமாகத் தளரும். அதனால் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் ரத்தம் கொஞ்சம் தங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். இதயம் அவ்வளவு அழுத்தி வேலை செய்ய வேண்டியதில்லை என்பதால் அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைகிறது. இதய ரத்தக் குழாய்களும் சற்று விரிந்து கொடுக்கும். வலி அடங்குவது இதனால்தான். அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது. மாத்திரை அதைக் கரைக்கவில்லை.

இது புரிந்துவிட்டால் கீழே வரும் விதிகள் எல்லாவற்றுக்கும் காரணம் புரியும். உட்கார்ந்துதான் வைக்க வேண்டும் என்பதும், தலை ஏன் இடிக்கிறது என்பதும், ஆண்மைக்கான மாத்திரையோடு சேர்ந்தால் ஏன் உயிருக்கே ஆபத்து என்பதும் இந்தத் தளர்வின் விளைவுகளே.

உங்களிடம் இருப்பது எந்த நைட்ரேட்?

நைட்ரேட்டில் இரண்டு வகை உண்டு. வலி வந்த நேரத்தில் எடுக்கும் வேகமான வகை ஒன்று. வலி வராமல் இருக்கத் தினமும் விழுங்கும் மெதுவான வகை மற்றொன்று. பலரிடம் இரண்டுமே இருக்கும், ஒரே டப்பாவில். தப்பு நடப்பதும் அங்கேதான்.

நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியவை ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி., ஜிடிஎன் மாத்திரை, ஜிடிஎன் ஸ்பிரே ஆகியவை. ஜிடிஎன் 1 முதல் 3 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி அரை மணி நேரம் போல நிற்கும். டைநைட்ரேட் சற்று மெதுவாக, 2 முதல் 5 நிமிடத்தில் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும்.

தினமும் விழுங்குபவை ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் (மோனோட்ரேட், இஸ்மோ, இம்டூர்), நைட்ரோகான்டின் போன்ற நீண்ட நேர நைட்ரோகிளிசரின் மாத்திரைகள், தோலில் ஒட்டும் பேட்ச் ஆகியவை. வலி வரும்போது இவற்றை நாக்குக்கு அடியில் வைத்துப் பயனில்லை. எஸ்.ஆர்., ஓ.டி. என்று பெயரின் வாலில் இருக்கும் மாத்திரையை மென்றால், நாள் முழுக்க மெல்ல மெல்லக் கசிய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிப் பிரஷரைக் கவிழ்த்துவிடும். இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். அவசர மாத்திரையின் அட்டையில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் கண்ணாடி போடாமலே அடையாளம் தெரியும்.

வலி வந்த அந்த நிமிடம்

செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துங்கள். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் படியிலேயே உட்காருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள். நின்றபடி மாத்திரை வைத்தால் ரத்தம் கால்களில் இறங்கி, தலை கிறுகிறுத்து விழ நேரும். இடுப்பு எலும்பு முறிவில் போய் முடிந்தாலும் ஆச்சரியம் இல்லை. படுத்துக்கொண்டு வைத்தால் நேர்மாறான சிக்கல்: கால்களின் ரத்தம் இதயத்துக்கே திரும்பி வந்து மருந்தின் பலனைக் குறைக்கும். முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி உட்காருவதே சரி.

வாயில் வெற்றிலை பாக்கோ புகையிலையோ இருந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். சுகர் உள்ளவர்களுக்கும், மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர்களுக்கும், பயத்தில் வாய் உலர்ந்தவர்களுக்கும் மாத்திரை கரையாமல் கல் மாதிரி அப்படியே கிடக்கும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்கிவிட்டு, அந்த ஈரத்தில் மாத்திரையை வையுங்கள்.

நாக்கின் நுனியைத் தூக்கி மேல் அண்ணத்தில் வைத்தால் கீழே நடுவில் ஒரு மெல்லிய தசைக் கயிறு தெரியும். அதன் இரண்டு பக்கமும் நீல நரம்புகள் ஓடும் ஈரமான பள்ளம்தான் மாத்திரைக்கு இடம். அங்கே வைத்து வாயை மூடிக்கொள்ளுங்கள். விழுங்காதீர்கள், தண்ணீர் குடிக்காதீர்கள், அதிகம் பேசாதீர்கள். விழுங்கிவிட்டால் மருந்து குடல் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். ஜிடிஎன்னைக் கல்லீரல் கிட்டத்தட்ட முழுவதும் சிதைத்துவிடும். டைநைட்ரேட்டின் வேகம் போய்விடும். நாக்கின் அடியில் உள்ள மெல்லிய சவ்வு வழியாகப் போனால் கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கும்.

ஸ்பிரே வைத்திருப்பவர்கள் புட்டியை நிமிர்த்திப் பிடித்து, வாயைத் திறந்து, நாக்கின் அடியில் ஒரு முறை அடித்து, உடனே வாயை மூட வேண்டும். இன்ஹேலர் மாதிரி உள்ளே இழுக்கக் கூடாது. குலுக்கவும் வேண்டாம். புதுப் புட்டியையும், நாள் கணக்கில் தொடாத புட்டியையும் முதலில் காற்றில் சில முறை அடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எத்தனை முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். இதை வாங்கின அன்றே செய்துவிடுங்கள், ஏனென்றால் வலி நேரத்தில் அடிக்கும் முதல் அடி வெறும் காற்றாக இருக்கக் கூடாது. எரியும் அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் அடிக்காதீர்கள். மருந்தும் அதில் கலந்திருக்கும் திரவமும் தீப்பற்றக் கூடியவை.

கடிகாரத்தைப் பாருங்கள்

மாத்திரையை வைத்ததும் மணி என்ன என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் செல்போனில் 5 நிமிட டைமர் போடுங்கள். இந்த மருந்து விஷயத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

சாதாரண ஆஞ்சைனா என்றால் ஓய்வும் ஒரு மாத்திரையும் சேர்ந்து 5 நிமிடத்துக்குள் வலியைத் தெளிவாக இறக்கிவிடும். 5 நிமிடம் ஆகியும் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் அதை மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மூன்று மாத்திரை தீர்ந்த பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். ரத்தக் குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் நைட்ரேட்டால் திறக்க முடியாது. அந்தக் கால் மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை திரும்ப வராது.

போன் செய்த பிறகு, தலைசுற்றல் இல்லை என்றால், டாக்டர் முன்பே அப்படிச் சொல்லியிருந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை 5 நிமிட இடைவெளி விட்டு இரண்டாவது மாத்திரையும், தேவைப்பட்டால் மூன்றாவதும் வைக்கலாம். அதற்கு மேல் கூடாது. வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் இரண்டாவதுக்கு முன் பாருங்கள். மேல் எண் 90-க்குக் கீழே இருந்தால் அடுத்த மாத்திரை வேண்டாம். முதல் மாத்திரையை மட்டும் மெஷினைத் தேடிக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள்.

108-இல் பேசும்போது சுற்றி வளைக்க வேண்டாம். “அப்பாவுக்கு 62 வயசு, நெஞ்சு வலி, நாக்குக்கு அடியில மாத்திரை வச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு, குறையலை, ஏற்கெனவே ஸ்டென்ட் வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, தெருப் பெயரையும் பக்கத்தில் உள்ள கோயிலையோ பள்ளியையோ அடையாளமாகச் சொன்னால் போதும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் ரத்தக் கசிவுப் பிரச்சினை உள்ளவர்களும் தவிர மற்றவர்களை 300 மி.கி. அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவது நம் ஊரில் சகஜம். நைட்ரேட் வைத்த ஆள் வழியில் மயங்கினால் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆம்புலன்ஸ் வரும் என்றால் காத்திருங்கள். வர வழியே இல்லை என்றால் காரில் அல்லது ஆட்டோவில், பக்கத்தில் ஒருவர் துணையோடு. நோயாளி தானே வண்டி ஓட்டவே கூடாது.

வலி 5 நிமிடத்தில் போய்விட்டது என்றால் உடனே எழுந்து வேலையைத் தொடராதீர்கள். இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, தலை தெளிந்ததும் மெதுவாக எழுந்திருங்கள்.

இன்னொரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘அடிக்கடி போட்டால் பழகிடும், கடைசிக்கு வச்சுக்குவோம்’ என்று வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். வலி வரும்போது எப்போதாவது ஒன்று வைப்பதால் மருந்து பழகிப்போகாது. பழகிப்போவது வேறு விதத்தில் நடக்கிறது. தினசரி மாத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போது அதைப் பார்க்கலாம்.

வாயுவா, இதயமா?

ஆஞ்சைனா பெரும்பாலும் ஊசி குத்துவது போல வராது. நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், அழுத்தம், எரிச்சல் என்று வரும். இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவும். நடந்தால், படி ஏறினால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தால், கோபப்பட்டால் வந்து, உட்கார்ந்தால் குறையும். சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களில் பலருக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாகவும் குளிர்ந்த வியர்வையாகவும் திடீர்ச் சோர்வாகவும் வரலாம்.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பெயர் வாயுப் பிடிப்பு. சோடா, ஓம வாட்டர், ஜெலுசில் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பதில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஏற்கெனவே இதய நோய் இருப்பது தெரிந்தவருக்கு நெஞ்சில் பாரம் வந்தால் முதலில் இதயம் என்றே நினையுங்கள்; வாயு என்று தெரிந்தால் சந்தோஷம், அது காத்திருக்கும்.

இதன் மறுபக்கம் அதிகம் பேருக்குத் தெரியாது. உணவுக் குழாயின் தசைப் பிடிப்பையும் நைட்ரேட் தளர்த்தும். எனவே ‘மாத்திரை வச்சதும் போயிடுச்சு, அப்போ இதயம்தான்’ என்று முடிவு கட்ட முடியாது. ‘வச்சும் போகலை, அப்போ வாயுதான்’ என்பது அதைவிட மோசமான முடிவு. வைத்தும் போகாத வலிதான் மாரடைப்பின் வலி. எது என்று சொல்வது ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும்தான்.

யார் வைக்கக் கூடாது

முதலில் சில்டெனாஃபில், டடாலாஃபில், வர்டெனாஃபில். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் இருப்பவை இவைதான், கடையில் எத்தனையோ பெயர்களில் கிடைக்கின்றன. நைட்ரேட் எந்தப் பாதையில் ரத்தக் குழாயைத் தளர்த்துகிறதோ அந்தப் பாதையின் பிரேக்கை இவை கழற்றிவிடும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். ஏறவே ஏறாமல் இறந்துபோகவும் கூடும். சில்டெனாஃபிலோ வர்டெனாஃபிலோ எடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்கும், டடாலாஃபில் எடுத்திருந்தால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. அந்த நேரத்துக்குள் வலி வந்தால் மாத்திரையை வைக்காமல் நேரே 108-க்குப் போன் செய்து, எடுத்த மருந்தின் பெயரையும் எடுத்த நேரத்தையும் சொல்லுங்கள். தினமும் நைட்ரேட் விழுங்குகிறவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இது வெட்கத்தால் மறைக்கப்படும் விஷயம் என்பதால்தான் உயிர் போகிறது. மனைவி, பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாவிட்டால் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் காதோடு காதாகச் சொல்லுங்கள். டாக்டர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதில்லை. ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கும் வீரிய மருந்துகளில் சில்டெனாஃபில் கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அதனால் லேகியம்தானே என்று அதையும் விட்டுவிடாதீர்கள். டடாலாஃபில் 5 மி.கி. புராஸ்டேட் வீக்கத்துக்கும், சில்டெனாஃபில் 20 மி.கி. நுரையீரல் ரத்தக் கொதிப்புக்கும் தினமும் கொடுக்கப்படுகின்றன. நுரையீரல் நோய்க்கு அதை எடுப்பவர்களில் பெண்களும் உண்டு. ஆகவே இது ஆண்களின் ரகசியம் மட்டும் இல்லை. நுரையீரல் ரத்தக் கொதிப்புக்கான ரியோசிகுவாட் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே தடை. நிகோரான்டில் என்ற இதய மாத்திரையிலும் ஒரு நைட்ரேட் பகுதி இருப்பதால் அதோடும் இவற்றைச் சேர்க்கக் கூடாது.

அடுத்து பிரஷர் ஏற்கெனவே தாழ்ந்து கிடப்பவர்கள். பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள். இதயத் தசை தடித்து ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டவர்கள். தலையில் அண்மையில் அடிபட்டு மூளை அழுத்தம் கூடியவர்கள். இவர்களுக்கு டாக்டர் நேரடியாகச் சொல்லாமல் நைட்ரேட் வேண்டாம்.

‘மாரடைப்பு வந்தால் உடனே சார்பிட்ரேட் கொடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரர் வாயில் உங்கள் மாத்திரையைப் போடாதீர்கள். இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவரில் வரும் மாரடைப்புகள் சிலவற்றில் வலது கீழறையும் அடிபட்டிருக்கும். அந்த அறை திரும்பி வரும் ரத்தத்தின் அழுத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் அந்த ரத்தத்தை நைட்ரேட் குறைத்ததும் ஆள் அப்படியே சரிந்துவிடுவார். ஈசிஜி எடுக்காமல் இது வெளியிலிருந்து தெரியாது. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் கொடுக்கும் முதல் டோஸில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும்தான் இருக்கின்றன. நைட்ரேட் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தலைவலி, கிறுகிறுப்பு, மயக்கம்

தலையில் விண்விண் என்று இடிப்பது மருந்து வேலை செய்கிறது என்பதால்தான். தலையின் ரத்தக் குழாய்களும் விரிகின்றன. 1847-இல் நைட்ரோகிளிசரினை முதலில் உருவாக்கிய இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ அதை நாக்கில் சுவைத்துப் பார்த்தபோது கண்டதும் இந்தத் தலைவலியைத்தான். லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல் அதை ஆஞ்சைனாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியது 1879-இல். (வெடிமருந்தில் இருப்பதும் இதே பொருள்தான். ஆனால் மாத்திரையில் இருப்பது ஒரு மி.கி.கூடக் கிடையாது, அதுவும் நன்றாக நீர்த்துப்போகச் செய்யப்பட்டது, வெடிக்காது.)

தலைவலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. போதும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இதய நோயாளிக்கு ஆகாது. ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமைனும் ‘டிரிப்டான்’ என்று முடியும் மாத்திரைகளும் இதயக் குழாய்களைச் சுருக்குபவை, அவற்றின் பக்கமே போக வேண்டாம். நெஞ்சு வலி போய்விட்டது, மாத்திரையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, தலை தாங்கவில்லை என்றால் மிச்சத்தைத் துப்பிவிடலாம். தினசரி நைட்ரேட்டால் வரும் தலைவலி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் தாங்க முடியாமல் வந்தால் பாதி மாத்திரை போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கண் இருட்டிக்கொண்டு வந்தால் உடனே படுக்க வைத்து, இரண்டு கால்களையும் தலையணைகள் மேல் தூக்கி வையுங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளிவார்கள். தெளிகிறவரை தண்ணீர் கொடுக்காதீர்கள், இன்னொரு நைட்ரேட்டும் வைக்காதீர்கள். தெளியவில்லை என்றால் 108. கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் வேகமாக, ஆழமாக அழுத்தத் தொடங்குங்கள்.

மயக்கம் எப்போது அதிகம் வரும் என்பது யூகிக்கக் கூடியதுதான். சித்திரை வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பு, வயிற்றுப்போக்கு, விரதம், கோயில் வரிசையில் நெடுநேரம் நிற்பது, சுடுதண்ணீர்க் குளியல், இந்தியக் கழிப்பறையில் குந்தி உட்கார்ந்துவிட்டு வெடுக்கென்று எழுவது. பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசினும் எடுப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். மது குடித்திருந்தால் பிரஷர் இன்னும் அதிகமாக இறங்கும். குடிப்பதையும் நைட்ரேட்டையும் சேர்க்கவே கூடாது.

வலி வரும் முன்பே வைப்பது

தெரிந்த வேலை ஒன்று ஒவ்வொரு முறையும் வலியைக் கொண்டுவருகிறது என்றால், அதற்கு முன்பே வைத்துக்கொள்ளலாம். மாடி வீட்டுக்கு ஏறுவது, மலைக்கோயில் படி, தாம்பத்தியம் போன்றவை. ஜிடிஎன் என்றால் 5 முதல் 10 நிமிடம் முன்பு, டைநைட்ரேட் என்றால் சுமார் 15 நிமிடம் முன்பு. டாக்டர் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முன்னெல்லாம் வலி இல்லாமல் ஏறிய படிக்கு இப்போது மாத்திரை வேண்டியிருக்கிறது என்றால் அது படியின் கோளாறு இல்லை. செக்கப்புக்குப் போக வேண்டிய நேரம்.

தினசரி மாத்திரைக்கு ஓர் ஓய்வு நேரம்

24 மணி நேரமும் ரத்தத்தில் நைட்ரேட் இருந்தால் உடம்பு அதற்குப் பழகி, மருந்து வேலை செய்வதையே நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளிலேயே இது தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் 10 முதல் 14 மணி நேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி வேண்டும். பெரும்பாலும் இரவுதான் அந்த இடைவெளி.

மோனோநைட்ரேட் 20 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் காலை 8 மணிக்கும் மாலை 3 மணிக்கும் என்று 7 மணி நேரம் விட்டுப் போடச் சொல்வது இதற்காகத்தான். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று சமமாகப் பிரித்துப் போடுவது மற்ற மாத்திரைகளுக்குச் சரி, இதற்குத் தப்பு. மருந்துக் கடையில் உறையின் மேல் 1-0-1 என்று கிறுக்கிக் கொடுத்தால், மணிக் கணக்கை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஓ.டி. மாத்திரை என்றால் காலையில் ஒன்று, முழுதாக விழுங்க வேண்டும். பேட்ச் என்றால் 12 முதல் 14 மணி நேரம் ஒட்டியிருந்து, பிறகு எடுத்துவிட வேண்டும். மறுநாள் வேறு இடத்தில், ரோமமும் காயமும் இல்லாத தோலில். எடுத்த பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். பசைப்பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் பேட்ச் ஒட்டியிருப்பதை முதலில் சொல்லுங்கள். சிலவற்றில் உலோகத் தகடு இருக்கிறது, சூட்டுப் புண் வரும். வலி ராத்திரியில்தான் வருகிறது என்பவர்களுக்கு டாக்டர் இந்த நேரக் கணக்கைத் திருப்பிப் போடுவார்.

வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. அந்தக் காலத்தில் டைனமைட் தொழிற்சாலைகளில் வாரம் முழுக்க நைட்ரோகிளிசரினைச் சுவாசித்த தொழிலாளிகளில் சிலருக்கு, விடுமுறை நாளில் அது கிடைக்காமல் நெஞ்சு வலி வந்தது பதிவாகியிருக்கிறது. நைட்ரேட்டுக்குப் பழகிய ரத்தக் குழாய் அது இல்லாதபோது இறுகிக்கொள்ளும். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லும் வேகத்தில், படிப்படியாக.

எங்கே, எப்படி வைத்திருப்பது

ஜிடிஎன் மாத்திரை காற்றில் ஆவியாகிப் போகும் மருந்து. பிளாஸ்டிக்கும் பஞ்சும் அதை உறிஞ்சிக்கொள்ளும். வந்த கண்ணாடிப் புட்டியிலேயே, பஞ்சு எதுவும் இல்லாமல், மூடியை இறுக்கித் திருகி, 25 டிகிரிக்குக் கீழே வையுங்கள். திறந்த தேதியை லேபிளில் எழுதி, 8 வாரத்தில் மிச்சத்தைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குங்கள். நாக்கில் சுறுசுறுவென்று கடித்தால் மருந்து நன்றாக இருக்கிறது என்பது நம்பக்கூடிய சோதனை இல்லை.

டைநைட்ரேட் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அட்டையில் உள்ள தேதி வரை இருக்கும். ஆனால் அட்டையை விட்டுப் பிரித்து வாரப் பெட்டியில் கொட்டினால் ஈரத்தில் உதிர்ந்துபோகும். நான்கு மாத்திரைகளை அட்டையோடு வெட்டிவைத்துக்கொள்பவர்கள், தேதி அச்சிட்ட பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு, ஸ்கூட்டர் சீட்டின் அடியில் உள்ள பெட்டி, சமையலறை அலமாரி மூன்றும் வேண்டாம். வெளியே போகும்போது கைப்பையிலோ சுருக்குப்பையிலோ சட்டைப் பையிலோ எப்போதும் உங்களோடேயே இருக்க வேண்டும். வாக்கிங் போகும்போது வீட்டில் விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், வலி வருவதோ நடக்கும்போதுதான். வீட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள்: படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, கூடத்தில் ஒன்று. எல்லாருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும், பேரப் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டக் கூடாது.

குறித்து வைக்க வேண்டியவை

காலண்டர் தாளின் மூலையிலேயே போதும்: எந்த நாள், என்ன செய்தபோது வலி வந்தது, எத்தனை மாத்திரை, எத்தனை நிமிடத்தில் போனது. வாரத்துக்கு ஒன்று என்பது மூன்றாகிறது, தெருக்கோடியில் வந்த வலி வாசலிலேயே வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூக்கத்திலும் வருகிறது, ஒன்றுக்குப் பதில் இரண்டு தேவைப்படுகிறது, இவற்றில் ஒன்று நடந்தாலும் அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓய்வில் இருக்கும்போது வந்த வலி என்றால் வலி போன பிறகும் 108 தான். மாத்திரையால் அடங்கிவிட்டது என்பது இங்கே நிம்மதி இல்லை. அடைப்பின் மேல் ரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம்.

பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். உங்கள் பெயர், நோய், ஸ்டென்ட் வைத்த வருடம் அல்லது பைபாஸ் நடந்த வருடம், எடுக்கும் எல்லா மாத்திரைகளும் அளவோடு, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு நம்பர். பல் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் போகும்போதும் அதையே நீட்டுங்கள். டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினால் அன்றே புதுச் சீட்டு எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துப் போடுங்கள்.